குழாயில் போட்டால் கதை முடிந்ததா?



ஞாயிற்றுக்கிழமை மாலை. வெளியே சிராங்கூன் சாலையில் கால் வைக்க இடமில்லை. கடைக்குப் போக வேண்டியவர்களும் கோயிலுக்குப் போக வேண்டியவர்களும் இங்கே குப்பையைப் பற்றிக் கேட்க உட்கார்ந்திருக்கிறீர்கள். பேச வந்தவருக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்? சுற்றி வளைக்காமல் கணக்கிலேயே தொடங்குகிறேன்.

2018ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் வீட்டுக் குப்பையில் 22 விழுக்காடு மறுபயனீட்டுக்குப் போனது. 2023இல் அது 12 விழுக்காடு. அதற்கடுத்த ஆண்டு 11. ஆறே ஆண்டுகளில் பாதியாகிவிட்டது. இன்னொரு கணக்கையும் இதன் பக்கத்தில் வையுங்கள். அதே 2018இல் நடந்த ஆய்வில் பத்தில் ஆறு குடும்பங்கள், "நாங்கள் வழக்கமாக மறுபயனீடு செய்கிறோம்" என்று சொல்லியிருந்தன. அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. நாம் மறுபயனீட்டுக்கான நீலத் தொட்டியில் போடத்தான் செய்கிறோம். போட்டதில் பெரும்பகுதி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்பதுதான் இன்றைய பேச்சு.

சில காரணங்கள் நம் கையில் இல்லை. 2018இல் சீனா வெளிநாட்டுக் கழிவுகளை வாங்குவதற்குக் கதவைச் சாத்தியது. பழைய காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் விலை இறங்கியது. கப்பல் கூலி ஏறியது. வீட்டில் கட்டுக்கட்டாக நாளிதழ் சேரும் காலமும் போய்விட்டது. செய்தியெல்லாம் கைப்பேசிக்குள் போய்விட்டது. இவற்றையெல்லாம் ஒத்துக்கொள்வோம். ஆனால் மிச்சத்துக்கு நாம்தான் பொறுப்பு. நம்மையும் முந்திக்கொண்டு ஒரு குழாய் பொறுப்பு.

நம் வீடுகளில் இருக்கும் குப்பைக் குழாயைத்தான் சொல்கிறேன். 1989க்கு முன் கட்டிய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் அது சமையலறைக்குள்ளேயே இருக்கும். மூடியைத் திறந்தால் இருட்டு, பையைப் போட்டால் கீழே 'தொப்' என்று ஒரு சத்தம், முடிந்தது. தேக்காவைச் சுற்றியுள்ள பழைய புளோக்குகளில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1989க்குப் பிறகு வந்த புளோக்குகளில் குழாயை வீட்டுக்கு வெளியே, மின்தூக்கிக்குப் பக்கத்தில், மாடிக்கு ஒன்றாக வைத்தார்கள். 2014க்குப் பிறகு புதிதாகத் திட்டமிட்ட வீவக குடியிருப்புகளில் மாடிதோறும் இரண்டு குழாய்கள்: ஒன்று குப்பைக்கு, ஒன்று மறுபயனீட்டுக்கு. பொங்கோலில் டிரீலாட்ஜ் என்ற குடியிருப்பில் இதை முதலில் வைத்துப் பார்த்தபோது, மற்ற இடங்களைவிட மூன்று மடங்கு வரை மறுபயனீட்டுப் பொருள் சேர்ந்தது. அங்கே குடியிருப்பவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பதற்காக அல்ல. அவர்களுக்கு இரண்டு வாயில்களும் ஒரே தூரத்தில் இருந்தன. நமக்கோ ஒன்று அடுப்புக்குப் பக்கத்தில். மற்றொன்று பத்து மாடி இறங்கிப் போய் கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில்.

நான் குழாயைத் திட்டுவதாக நினைத்துவிடாதீர்கள். அது வருவதற்கு முன் இந்த ஊர் எப்படி இருந்தது என்பதை இங்குள்ள பெரியவர்கள் அறிவார்கள். இதோ, இந்தப் பக்கத்து ஷாப்ஹவுஸ்களுக்குப் பின்னால் ஓடுகிற பின்சந்துகள், காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் தீயணைப்புக்கும் மட்டுமா இருந்தன? மலவாளி எடுக்க வருபவர் வந்து போகிற வழியும் அதுதான். அந்த வாளி முறை சிங்கப்பூரில் முழுதாக ஒழிந்தது 1987 ஜனவரியில்தான். எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கிய அதே ஆண்டு என்றால் இளையவர்கள் நம்ப மாட்டார்கள். கம்பத்து வாழ்க்கையில் குழி தோண்டிப் போட்டு எரித்த குப்பை, ஈ, எலி, வயிற்றுப்போக்கு எல்லாவற்றையும் தாண்டி வந்த ஒரு தலைமுறைக்கு, மூடியைத் திறந்து போட்டால் குப்பை மறைந்துபோகும் என்பது பெரிய விடுதலை. முட்டி வலியோடு தனியாக இருக்கிற ஒரு பாட்டியைக் கேளுங்கள், குழாயின் அருமையைச் சொல்வார்.

ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை இருக்கிறது. குப்பை கண்ணிலிருந்து மறைந்த நாளிலிருந்து அது கணக்கிலிருந்தும் மறைந்துவிட்டது. யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது; போட்டவருக்கே தெரியாது. தைப்பேயில் குப்பை லாரி பீத்தோவன் இசையை ஒலித்துக்கொண்டு தெருவுக்கு வரும். மக்கள் மூட்டையோடு வாசலில் வந்து நிற்க வேண்டும். 2000ஆம் ஆண்டிலிருந்து அங்கே நகர நிர்வாகம் விற்கிற பையில் கட்டினால்தான் பொதுக் குப்பையை எடுத்துக்கொள்வார்கள்; மறுபயனீட்டுப் பொருளைக் கொடுக்கக் காசு இல்லை. சோல் நகரில் வீட்டு உணவுக் கழிவை எடை போட்டே கட்டணம் வாங்குகிறார்கள். நம் ஊரிலோ குப்பைக் கட்டணம் மின்சாரம், தண்ணீர்க் கட்டணங்களோடு ஒரே பில்லில் வருகிறது. ஒரு பை போட்டாலும் பத்துப் பை போட்டாலும் அதே தொகை. குழாய் இருக்கும்வரை தைப்பே முறையை இங்கே கொண்டுவர முடியாது. ஆகவே அரசாங்கம் நம் மனசாட்சியிடம் கேட்கிறது. மனசாட்சியிடம் கேட்டால் 11 விழுக்காடுதான் கிடைக்கும் போலிருக்கிறது.

இனி நீலத் தொட்டிக்கு வருவோம். 2001இல் தேசிய மறுபயனீட்டுத் திட்டம் தொடங்கியது. முதலில் வீட்டுக்கு வீடு வந்து பையில் சேகரித்தார்கள். பிறகு புளோக்குக்கு ஒரு நீலத் தொட்டி வந்தது. காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் நான்கையும் ஒன்றாகவே போடலாம், பிரிக்க வேண்டியதில்லை. "எல்லாவற்றையும் ஒரே லாரியில்தானே ஏற்றிப் போகிறார்கள், பிறகு என்ன மறுபயனீடு?" என்று பலர் கேட்பதுண்டு. நீலத் தொட்டிக்குத் தனி லாரி. அது போவது எரியாலைக்கு அல்ல, பிரிக்கும் ஆலைக்கு. அங்கே ஓடுகிற பட்டையின் இரு பக்கமும் ஆட்கள் நின்று, கையால் பொறுக்கிப் பிரிக்கிறார்கள். இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

அந்த ஆலைக்குப் போகிறதில் ஏறக்குறைய 40 விழுக்காடு கெட்டுப்போனதாக, மறுபயனீட்டுக்கு உதவாததாக இருக்கிறது என்பது தேசிய சுற்றுப்புற வாரியம் பல ஆண்டுகளாகச் சொல்லி வரும் கணக்கு. எது கெடுக்கிறது? சாப்பாடு. ஈரம். பாதி குடித்த பபுள் டீ. குழம்பு ஒட்டிய டப்பா. துடைத்துப் போட்ட டிஷ்யூ. பயன்படுத்திய டயப்பரைக்கூட அதில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இந்த மேடையில் பேச எனக்கு வார்த்தை வராது.

நம் சமையலறையை எடுத்துக்கொள்வோம். நம்முடைய சமையல் எண்ணெயும் புளியும் மசாலாவும் சேர்ந்த சமையல். ரொட்டித் துண்டு வைத்த டப்பாவை அப்படியே போட்டாலும் பெரிய சேதம் வராது. நேற்று வாங்கிய மீன் தலைக் கறியின் டப்பா அப்படியா? மூடி சரியாக இல்லாத அந்த ஒரு டப்பா நீலத் தொட்டிக்குள் சரிந்தால், அதன் கீழே யாரோ ஒரு புண்ணியவதி மடித்து வைத்த அத்தனை அட்டைப்பெட்டியும் போச்சு. எண்ணெய் ஏறிய காகிதத்தை எந்த ஆலையும் கூழாக்க வாங்காது. ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆகவே நெய் டின், மைலோ டின், ஹார்லிக்ஸ் பாட்டில், ரோஸ் சிரப் பாட்டில், பால் வருகிற அட்டைப்பெட்டி, இதெல்லாம் நீலத் தொட்டிக்குப் போகலாம். காலி செய்து, ஒரு முறை அலசிவிட்டு. சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டியதில்லை. பாத்திரம் கழுவி முடிகிற கடைசித் தண்ணீரில் ஒரு சுற்றுச் சுழற்றி ஊற்றினால் போதும். ஊறுகாய் பாட்டிலுக்கு மட்டும் இரண்டு சுற்று. நல்லெண்ணெய் அவ்வளவு லேசில் விடாது. டிஷ்யூ காகிதம் வேண்டாம், அது சுத்தமாக இருந்தாலும் வேண்டாம். ஸ்டைரோஃபோம் பெட்டி வேண்டாம். உடைந்த பீங்கான் தட்டு, பழைய செருப்பு, துணிமணி வேண்டாம். வாழை இலை, பூமாலை, தேங்காய் மட்டை "இயற்கைதானே" என்று சிலர் போடுகிறார்கள். இயற்கைதான், ஆனால் காகித ஆலைக்கு அது வேண்டாத விருந்தாளி. பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயை சிங்க்கில் ஊற்றாதீர்கள். பழைய எண்ணெயை வாங்கிக்கொள்ளும் இடங்கள் இப்போது பல வட்டாரங்களில் இருக்கின்றன.

2023 மார்ச்சில் வீட்டுக்கு ஒன்று என்று 'புளூபாக்ஸ்' என்ற பெட்டியை இலவசமாகக் கொடுத்தார்கள். சமூக மன்றங்களில் இயந்திரத்திலிருந்து எடுத்துக்கொண்டோம். சில வீடுகளில் அதில் வெங்காயம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். வெங்காயம் வைக்கவும் நன்றாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதை உண்மையிலேயே பயன்படுத்துகிற வீடுகளில் ஒரு மாற்றம் தெரிகிறது. சமையலறையில் குழாய்க்குப் பக்கத்திலேயே இரண்டாவது வாயில் ஒன்று வந்துவிடுகிறது. பொங்கோலில் கண்டதும் அதுதானே.

சரி, குழாயில் போனது எங்கே போகிறது? தினமும் எரியாலைக்குப் போகிறது. சிங்கப்பூரின் முதல் எரியாலை 1979இல் உலு பாண்டானில் வந்தது. அதற்குப் பின் துவாஸ், செனோக்கோ என்று வரிசையாக வந்தன. எரித்தால் குப்பையின் பருமன் பத்தில் ஒன்றாகிவிடும். கொஞ்சம் மின்சாரமும் கிடைக்கும். சாம்பலை துவாஸிலிருந்து படகில் ஏற்றி செமாக்காவ் தீவுக்குக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். லோரோங் ஹாலுஸில் இருந்த பழைய குப்பைமேடு 1999 மார்ச் 31இல் மூடியது. மறுநாள் செமாக்காவ் திறந்தது. செமாக்காவ், சாக்கெங் என்ற இரண்டு தீவுகளுக்கு நடுவே கடலில் ஏழு கிலோமீட்டர் கரை கட்டி, 350 ஹெக்டேர் பரப்பை வளைத்து உண்டாக்கிய இடம். அந்தத் தீவுகளில் மலாய் மீனவக் குடும்பங்கள் வாழ்ந்தன. சாக்கெங்கின் கடைசிக் குடும்பங்கள் 1994இல் தலைநிலத்துக்கு வந்துவிட்டன. அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று சொல்கிறார்கள். அதற்குப் பிறகு கொட்ட இன்னொரு தீவு நம்மிடம் இல்லை. தமிழ்நாட்டில் கொடுங்கையூர், பெருங்குடி குப்பைமேடுகள் ஊரார் கண்முன்னே மலையாக எழுந்தன. நாற்றம் அவர்களைக் கேள்வி கேட்க வைத்தது. நம் மலை கடலுக்குள் இருக்கிறது, நாற்றமும் இல்லை. கேள்வியும் எழவில்லை.

இப்போது, பிரிக்கும் ஆலையில் பொறுக்கிப் பிரிக்கிற அந்தக் கைகளுக்கு வருகிறேன்.

இந்த ஊரின் குப்பைக்கும் நம் சமூகத்துக்கும் உள்ள உறவு பலர் பேசத் தயங்குகிற உறவு. காலனி ஆட்சியில் நகராட்சியின் தெருக்கூட்டும் வேலையிலும் குப்பை அள்ளும் வேலையிலும் நிறைந்திருந்தவர்கள் தமிழர்கள். தினக்கூலி. சாதியின் நிழலும் அவர்கள் மீது விழுந்தது. நம் வரலாற்று விழாக்களில் செட்டியார்களைப் பேசுவோம், நகை வணிகர்களைப் பேசுவோம், ஆசிரியர்களைப் பேசுவோம். துடைப்பம் பிடித்தவர்கள் எப்போதாவதுதான் மேடைக்கு வருவார்கள். 1967 பிப்ரவரி 1ஆம் தேதி, சுப்பையா என்பவர் தலைமையிலான தொழிற்சங்கத்தைச் சேர்ந்த துப்புரவுத் தொழிலாளர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசாங்கம் அதைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது. சங்கத் தலைவர்கள் கைதானார்கள். வேலைநிறுத்தம் செய்தவர்கள் தாங்களாகவே வேலையை விட்டதாகக் கருதப்படுவார்கள், வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். பெரும்பாலோர் விண்ணப்பித்துத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு, 1968 அக்டோபரில், 'சிங்கப்பூரைச் சுத்தமாக வைத்திருங்கள்' இயக்கம் தொடங்கியது. அந்த இயக்கத்தின் சுவரொட்டிகளை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். முந்தைய ஆண்டு வேலைநிறுத்தத்தின் கதையையும் அவற்றோடு சேர்த்துப் படித்தால்தான் படம் முழுமையாகும் என்பது என் எண்ணம்.

இன்று துடைப்பம் வேறு கைகளுக்கு மாறியிருக்கிறது. நம் மூத்தவர்கள், மலேசியாவிலிருந்து வருபவர்கள், பங்களாதேஷிலிருந்து வருபவர்கள், தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள். துப்புரவுத் துறையில் படிப்படியான சம்பள முறை 2014இல் கட்டாயமானது. கழிவு நிர்வாகத் துறைக்கு அது வர 2023 ஜூலை வரை ஆனது. நீலத் தொட்டிக்குள் போன அழுகிய சாம்பாரை, உடைந்த கண்ணாடியை, டயப்பரைக் கையால் எடுத்து ஓரம் வைப்பவர் இவர்களில் ஒருவர்தான். "அலசிப் போடுங்கள்" என்று நான் வற்புறுத்துவதற்கு விழுக்காடுகளைவிட இதுதான் பெரிய காரணம்.

மறுபயனீடு என்பது ஏதோ 2001இல் அரசாங்கம் சொல்லித் தந்தது என்றும் நினைக்க வேண்டாம். பழைய பொருள் வாங்க ஹாரன் அடித்துக்கொண்டு புளோக் புளோக்காக வந்த கராங்குனிக்காரரிடம் நம் அம்மாக்கள் பேரம் பேசாத நாளுண்டா? பழைய பேப்பருக்கு ஐந்து காசு கூடக் கேட்டு அரைமணி நேரம் நிற்பார்கள். இங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் சுங்கை ரோடு சந்தை இருந்தது. பழைய கடிகாரம், மின்விசிறி, ஒற்றைச் செருப்புக்கூட அங்கே விலைபோகும். 1930களிலிருந்து இருந்த அந்தச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. பழையதை வாங்கி, பழுது பார்த்து, திரும்ப விற்பதைவிடச் சிறந்த மறுபயனீடு எது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சந்தையை எடுத்துவிட்டு நமக்கு நீலத் தொட்டி கொடுத்தார்கள் என்று சொன்னால் அது முழு நியாயம் ஆகாது. ஆனால் அந்த இழப்பை ஒரு இழப்பு என்று சொல்லத்தான் வேண்டும்.

கராங்குனியும் சுங்கை ரோடும் ஏன் நடந்தன? கையில் காசு கிடைத்தது. அதனால்தான், அண்மைக்கால ஏற்பாடுகளில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது பானப் பாட்டில் திட்டம். 2026 ஏப்ரல் 1 முதல் பிளாஸ்டிக் பாட்டில், கேன் பானங்களுக்குப் பத்துக் காசு முன்பணம்; காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்துக் காசு திரும்பி வரும். "விலையை ஏற்றுகிறார்கள்" என்று முணுமுணுப்பவர்கள், அந்தக் காலத்தில் கண்ணாடிச் சோடா பாட்டிலுக்கு டெபாசிட் கட்டித் திருப்பிக் கொடுத்ததை நினைத்துப் பாருங்கள். ஜெர்மனியில் 2003இல் இப்படித் தொடங்கியதில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பாட்டில்கள் திரும்பி வருகின்றன. 2023 ஜூலையில் பெரிய பேரங்காடிகள் பைக்கு ஐந்து காசு வாங்கத் தொடங்கியபோதும் முணுமுணுத்தோம். இப்போது எத்தனை பேர் கையில் துணிப்பை! தமிழ்நாட்டில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. நமக்கு ஐந்து காசே இயக்கம் நடத்திவிட்டது. 2023இல் சிங்கப்பூரில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவு ஒன்பதரை லட்சம் டன். மறுபயனீட்டுக்குப் போனது 5 விழுக்காடு. உபதேசத்தால் இந்த 5 விழுக்காடு நகராது. பத்துக் காசால் நகரும் என்பது என் கணிப்பு.

இந்த வட்டாரத்தில் இன்னொன்றையும் பார்க்கிறோம். காலையில் கடைகள் திறக்கும் நேரத்தில் வயதானவர்கள் தள்ளுவண்டியில் அட்டைப்பெட்டி சேகரிக்கிறார்கள். துணிக்கடை, மளிகைக்கடை வைத்திருக்கும் நண்பர்களே, அந்த அட்டையை மழையில் நனைய விடாமல், மடித்து ஓரமாக வையுங்கள். நனைந்தால் அவருக்கு அன்றைய கூலி குறையும். உணவகம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: வாழை இலையையும் எச்சில் உணவையும் தனித் தொட்டியில் சேருங்கள். பெரிய கட்டடங்களுக்கு உணவுக் கழிவைப் பிரிக்கச் சட்டம் வந்திருக்கிறது. சிறு கடைகளுக்கு இன்னும் வரவில்லை. வருவதற்கு முன்னால் நாமே தொடங்கலாமே.

தீபாவளிக்கு வீட்டை ஒழிக்கிறபோது பழைய கைப்பேசியை நீலத் தொட்டியில் போடாதீர்கள். மின்கழிவுக்கு 2021 ஜூலையிலிருந்து தனி ஏற்பாடு இருக்கிறது; கடைத்தொகுதிகளில் அதற்கென்று பெட்டிகள் உண்டு. புதிய குளிர்சாதனப் பெட்டியைக் கொண்டுவருகிற கடைக்காரரிடம் பழையதை இலவசமாக எடுத்துப்போகச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. பழைய கட்டில், சோபாவைத் தாழ்வாரத்தில் போட்டு வைக்காமல் நகர மன்றத்தைக் கூப்பிடுங்கள். பவர்பேங்கைச் சாதாரணக் குப்பையில் போடவே போடாதீர்கள், லாரிக்குள் நசுங்கினால் தீப்பிடிக்கும்.

மற்றதெல்லாம் மறந்துபோனாலும் ஒன்றை மட்டும் செய்யுங்கள். ஊறுகாய் பாட்டிலை அலசிவிட்டு நீலத் தொட்டியில் போடுங்கள். அலச நேரமோ மனமோ இல்லையென்றால், காகிதத்தில் சுற்றிக் குப்பைக் குழாயிலேயே போட்டுவிடுங்கள். அடுத்த வீட்டார் சுத்தமாகப் போட்டதையாவது கெடுக்காமல் விடுங்கள்.